அக்னி மலையில் தீத்தடுப்புக் கோடு

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. தீபம் எரிந்த கொப்பரையை மலையுச்சியிலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். ஆருத்ரா தரிசனத்துக்காகக் கோயிலில் தீப மை தயாராகிக்கொண்டிருந்தது. மார்கழிப் பனி விலகாத காலையில், ரமணாசிரமத்தின் பின்புறத்திலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்குப் போகும் கல்பாதையில் ஏறத் தொடங்கினோம். உடன் வந்தவர் அடிவாரக் கிராமத்துக்காரர். இளவயதில் கன்று சுமக்கும் கூலியாளாக வந்து, இன்று நரைத்த மீசையோடு காடு வளர்க்கும் வேலைக்கு மேஸ்திரியாக இருக்கிறார். பெயர் வேண்டாமே என்றார். "மேஸ்திரின்னே எழுதிக்குங்க சார். வீட்லயே அப்படித்தான் கூப்பிடறாங்க."

பாதை நெடுக நிழல். திருவண்ணாமலையில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரமணர் மலைமேல் வாழ்ந்த காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாறையும் புல்லுமான சரிவு, குகை வாசலில் ஒன்றிரண்டு மரம், அவ்வளவுதான். 1896இல் பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்தவர், 1899 முதல் விரூபாட்ச குகையிலும் 1916 முதல் ஸ்கந்தாசிரமத்திலும் இருந்துவிட்டு, 1922இல் அடிவாரத்துக்கு இறங்கினார். அவருக்கு அன்றாடம் உணவு கொண்டுபோன எச்சம்மாள், லட்சம் இலைகளால் பூசை செய்வதாக ஒருமுறை நேர்ந்துகொண்டாராம். பாதி முடிந்தபோது கோடை வந்துவிட்டது. மலையைச் சுற்றித் தேடியும் இலை போதவில்லை. என்ன செய்வதென்று ரமணரிடம் கேட்கப் போனார். இலையைக் கிள்ளுவதற்குப் பதில் உன் உடம்பைக் கிள்ளிப் பூசை செய்யக் கூடாதா என்று அவர் திருப்பிக் கேட்டதாகக் கதை. எல்லோரும் இதைக் கருணைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் இன்னொரு தகவலும் படுகிறது. அன்றைய கோடையில் இந்த மலையைச் சுற்றி மீதி ஐம்பதாயிரம் இலை தேறவில்லை.

மொட்டையாக இருந்த மலைக்குக் காடு எப்படித் திரும்பியது என்பதற்கு ஒரு சுருக்கமான வரலாறு உண்டு. 1987 வாக்கில், ஆசிரமத்துக்கு அருகே வாழ்ந்த ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர், தம் நாட்டில் மழைக்காடுகளைக் காக்கப் போராடிவந்த ஜான் சீடுக்குக் கடிதம் எழுதினார். மலையைப் பச்சையாக்க உதவி வேண்டும் என்பது கோரிக்கை. அடுத்த ஆண்டு அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் உருவானது. நாற்றங்கால் போட்டார்கள், மண் அரிப்பைத் தடுக்கச் சரிவில் கல்லணை கட்டினார்கள், கன்று நட்டார்கள். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலிருந்து 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளை வனத்துறையோடு சேர்ந்து அந்த வேலையைத் தொடர்ந்துவருகிறது. வெளிநாட்டுக்காரர் எழுதிய கடிதம், வெளிநாட்டுப் பணம் என்று முகம் சுளிப்பவர்களை ஊரில் பார்த்திருக்கிறேன். குழி வெட்டியதும் தண்ணீர் சுமந்ததும் தீ அணைத்ததும் இந்த ஊர்க்காரர்கள். மேஸ்திரியின் முழங்கையில் இருக்கும் தீக்காயத் தழும்பே அதற்குச் சாட்சி.

ஸ்கந்தாசிரமத்தைத் தாண்டி மேலே போக வனத்துறையின் அனுமதி வேண்டும். எனக்கும் சேர்த்து அவர் வாங்கி வைத்திருந்தார். வாட்சரிடம் சொல்லிவிட்டு, பாதையை விட்டு இடப்பக்கம் திரும்பினோம். மரநிழல் முடிந்து புல்வெளி தொடங்கியது. இடுப்புயரப் புல். ஒரு தாளைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசம். அந்த வாசம்தான் இங்கே வில்லன். எண்ணெய்ப் பசை உள்ள புல் என்பதால் பாதிப் பச்சையாக இருக்கும்போதே பற்றிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தீ ஓடி முடிந்த சரிவில் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பதும் இதே புல்தான். மரக்கன்று செத்துப்போகும், புல் திரும்ப வரும், மறுபடி எரியும். பல தலைமுறைகளாக மலையை மொட்டையாகவே வைத்திருந்த சக்கரம் இதுதான்.

முன்பெல்லாம் இந்தப் புல் கூரைக்குப் போனது. கீழே ஓலை வீடும் புல் வீடும் இருந்தவரை, அறுக்க ஆள் வந்தார்கள். இப்போது தகர ஷீட்டும் கான்கிரீட்டும் வந்துவிட்டன. அறுக்க ஆளில்லை. புல் அப்படியே நின்று காய்கிறது.

சரிவில் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெண்களே அதிகம். முன்னால் போகிறவர்கள் அரிவாளால் புல்லை அடியோடு அறுக்க, பின்னால் வருகிறவர்கள் மண்வெட்டியால் வேரைச் செதுக்கி, வெறும் மண் தெரியும்வரை சுரண்டி, குப்பையை ஒருபக்கமாக வாரி ஒதுக்குகிறார்கள். ஆறேழு அடி அகலத்தில் செம்மண் நிற வகிடு மலையின் குறுக்கே நீண்டுகொண்டே போகிறது. வனத்துறைக் காகிதத்தில் இது தீத்தடுப்புக் கோடு. இவர்களுக்கு ஃபயர் லைன். கீழே எங்காவது தீப் பிடித்தால் புல் வழியாக ஓடிவரும் தீக்கு இங்கே தின்ன ஒன்றும் கிடைக்காது. ஒரு துரும்பு குறுக்கே கிடந்தாலும் போதும், அதைப் பிடித்துத் தாண்டிவிடும் என்பதால் அத்தனை சுத்தமாகச் செதுக்குகிறார்கள். தை பிறப்பதற்குள் முக்கால்வாசி முடிந்தாக வேண்டும். மாசி, பங்குனி வந்துவிட்டால் எந்த நேரமும் தீ வரலாம்.

பாறை நிழலில் கஞ்சித் தூக்கைத் திறந்துகொண்டிருந்த ஓர் அம்மாவிடம், மலையே நெருப்பு என்கிறார்கள், நீங்கள் நெருப்பு வராமல் கோடு போடுகிறீர்களே என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கொப்பரையில எரியறது சாமி, தம்பி. புல்லுல எரியறது மனுசன் வச்சது. ரெண்டும் ஒண்ணா?"

மலை நெருப்பு என்பது இந்த ஊரின் அடிப்படைக் கதை. அடியும் முடியும் காணாத அக்னித் தூணாக நின்ற சிவன், பிரம்மாவும் விஷ்ணுவும் தோற்றபின் மலையாகக் குளிர்ந்தார். கிருத யுகத்தில் நெருப்பு, திரேதா யுகத்தில் மாணிக்கம், துவாபரத்தில் பொன், கலியில் கல் என்று கணக்குச் சொல்வார்கள். கார்த்திகைப் பௌர்ணமி அன்று 2,668 அடி உயர உச்சியில், 3,500 கிலோவுக்கு மேல் நெய்யும் ஆயிரம் மீட்டர் அளவுக்குக் காடாத் துணித் திரியுமாக ஏற்றப்படும் தீபம் பதினொரு நாள் எரியும். ஏற்றும் உரிமை பர்வத ராஜ குலத்தாருக்கு. மீன்பிடிக்கும் மரபினர் அவர்கள். உச்சியில் எரியும் விளக்குக்குத் திரி போடும் உரிமை ஏரிக்கரையில் வலை வீசியவர்களுக்கு என்பதில் இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. நெய்யும் திரியும் கொப்பரையும் ஆள்தோளில்தான் மேலே போகின்றன.

இந்தக் கதை மலைக்கு நல்லது செய்ததா என்று கேட்டால், பாதி செய்தது என்பேன். மலையே லிங்கம் என்ற நம்பிக்கை இல்லாதிருந்தால், தமிழ்நாட்டின் எத்தனையோ குன்றுகளைப் போல இதுவும் ஜல்லியாகச் சாலையில் கிடந்திருக்கும். மலை யாருக்குச் சொந்தம் என்று கோயிலுக்கும் அரசுக்கும் வழக்கு நடந்தபோது 1938இல் ரமணரே சாட்சி சொல்லியிருக்கிறார். ஆனால் சாமி என்று கும்பிட்ட கூட்டம் அதன் மேல் ஒரு மரம் நிற்கிறதா என்று பார்க்கவில்லை. கல்லைக் கும்பிட மரம் எதற்கு? விறகுக்கு வெட்டினார்கள், மேய்ச்சலுக்குத் தளிர் வரட்டும் என்று கொளுத்தினார்கள். இரவில் மலைச்சரிவில் தீ மாலை மாதிரி வளைந்து எரிவதைக் கீழே தெருவில் நின்று பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு என்கிறார் மேஸ்திரி. அந்த நேரத்தில் அவர் மேலே நின்று பச்சைக் கிளையால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தீ அணைக்கிற முறையைச் செய்து காட்டினார். விராலிச் செடியில் இலை அடர்ந்த கிளையாக ஒன்றை ஒடித்துக்கொள்ள வேண்டும். எரிந்து முடிந்த கறுப்புப் பக்கம் நின்று, தீயின் ஓரத்தை அடித்து அமுக்கி, எரிந்த பக்கமே தள்ள வேண்டும். ஓங்கி அடித்தால் பொறி பறந்து வேறு இடத்தில் பற்றும். தீ மேல்நோக்கி ஓடும் என்பதால் அதற்கு மேலே ஒருபோதும் நிற்கக் கூடாது. தண்ணீருக்கு இங்கே வேலையே இல்லை, குடிக்க மட்டும்தான். தகவல் வந்தால் கூலிக்காரர்கள் மட்டுமல்ல, டவுனிலிருந்து கடைக்காரர்கள், கல்லூரிப் பையன்கள், ஆசிரமத்து வெள்ளைக்காரர்கள் என்று எல்லோரும் டார்ச்சோடு ஏறுவார்களாம்.

கோட்டுக்கு மேற்புறம், போன மழைக்கு நட்ட கன்றுகள். ஒரு குழியருகே உட்கார்ந்து பார்த்தேன். சரிவின் கீழ்ப்புறமாகப் பிறை வடிவில் மண்கரை, உள்ளே கன்று, கன்றின் அடியில் ஈரம் போகாமல் பொடிக்கற்களும் அறுத்த புல்லும். வேங்கைக் கன்று. முழ உயரம்கூட இல்லை. ஐந்து இலைகளில் ஒன்றை ஏதோ பூச்சி ஓட்டை போட்டிருந்தது. சுற்றி ஒரு கை அகலத்துக்குப் புல்லைக் களைந்திருந்தார்கள். மேல்மழை வழிந்தோடாமல் பிறைக்குள் தேங்கி இறங்கும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். மழை பிடிப்பதற்குள் குழிகள் தயாராக இருக்க வேண்டும். மழை பிடித்ததும் கூடையில் கன்றுகளை அடுக்கித் தலைச்சுமையாக ஏற்றி, மண் ஈரமாக இருக்கும்போதே நட்டுவிட வேண்டும். தப்பியது தப்பியதுதான், கோடையில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்ற முடிகிற இடமா இது?

சில அடி தள்ளி இதைவிட முக்கியமான ஒன்றைக் காட்டினார். தரையோடு தரையாகக் கருகிய ஒரு துரிஞ்சி அடிக்கட்டை. மற்ற இடங்களில் உசில் என்பார்கள். கட்டை இரண்டு கையாலும் அணைக்கிற பருமன். விளிம்பைச் சுற்றி முண்டும் முடிச்சுமாகப் பழைய வெட்டுகள், தீப்பட்ட கரி அடுக்குகள். நடுவிலிருந்து ஆளுயரத்துக்கு இரண்டு தண்டுகள், கழித்துவிட்ட மற்றத் தளிர்களின் தடம்.

"இது நாங்க வச்சதில்ல சார். எங்க தாத்தா காலத்துலயே இருந்திருக்கும். வருசா வருசம் துளிர்க்கும், வருசா வருசம் எரியும். மரமாகவே விடல. வேர் கிழவன், கிளை குழந்தை." மூன்று கோடையாகத் தீப் படாததால் இந்தத் தண்டுகள் பிழைத்திருக்கின்றன. நல்லதாக இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கழிப்பது மட்டுமே அவர் செய்த வேலை.

காடு வளர்ப்பு என்றால் கன்று நடுவது என்றே நாம் பழகிவிட்டோம். அமைச்சர்கள் குழியில் மண் தள்ளும் புகைப்படங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. இந்த மலையில் வேலையின் பெரும்பங்கு நடுவதில் இல்லை, எரியவிடாமல் காப்பதில்தான். எரியாமல் விட்டால் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வேர்கள் தாமே எழுகின்றன. விராலி முதலில் வருகிறது. அதன் நிழலில் புல் மெலிகிறது. சின்னான்கள் பழம் தின்று வந்து விதை போடுகின்றன. பாறை இடுக்கில் கல்லிச்சி பிடிக்கிறது. ஓடையோரம் நாவலும் புங்கனும் வந்துவிட்டால் அந்தப் பகுதி பிழைத்தது என்று அர்த்தம். மனிதன் நடுவது, வேரும் விதையும் அறவே அற்றுப்போன இடங்களுக்காக.

இறங்கும்போது ஓடைப் பள்ளத்தில் ஆறுமணிக் குருவியின் குரல் கேட்டது. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வரும் பறவை. தரையில் இலைச்சருகைப் புரட்டித்தான் புழு தேடும். சருகு இருந்தால்தானே வரும்? எச்சம்மாள் கதையை நினைத்துக்கொண்டேன்.

மலையின் வடசரிவைப் பற்றியும் ஒரு கதை இருக்கிறது. அங்கே ஓர் ஆலமரத்தடியில் அருணகிரி யோகி என்ற சித்தர் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருக்கிறார். ரமணர் ஒருநாள் அலைந்து திரியும்போது ஓடையில் மிகப் பெரிய ஆலிலை ஒன்று கிடப்பதைக் கண்டு, அதன் மரத்தைத் தேடி ஏறினார். வழியில் அவர் தொடை ஒரு புதரில் உரச, உள்ளே இருந்த குளவிக்கூடு கலைந்தது. கலைத்த கால் அனுபவிக்கட்டும் என்று குளவிகள் கொட்டி முடிக்கும்வரை காலை நீட்டிக்கொண்டு நின்றார் என்பார்கள். பிறகு யாரும் அந்த மரத்தைத் தேடிப் போகக் கூடாது என்று தடுத்தும்விட்டாராம். நான் சித்தரைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவன் அல்ல. ஆனால் மனிதன் போகக் கூடாத ஒரு மூலை மலையில் உண்டு, அங்கே போனால் குளவி கொட்டும் என்று சொல்கிற கதையை எந்த வனத்துறை அறிவிப்புப் பலகையைவிடவும் மதிக்கிறேன்.

ஆட்டோ பிடித்து அந்த வடபக்கம் போனோம். ஆதி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையை விட்டு உள்ளே மண் ரோட்டில் கொஞ்ச தூரம். வேடியப்பன் கோயில் என்றார்கள். கோயில் என்று சொல்ல அங்கே கூரைகூட இல்லை. எண்ணெய் பூசிக் கறுத்த பலகைக்கல் ஒன்று, அதில் வில்லும் கத்தியுமாக ஒரு வீரன். முன்னால் சுட்டமண் குதிரைகள், சில புதியவை, பல கால் உடைந்தவை. ஆநிரை மீட்கச் செத்தவனுக்கு நட்ட கல், பின்னர் வேடியப்பனாகிப் பொங்கல் வாங்கிக்கொள்வது இந்த வட்டாரத்தில் சாதாரணம். பக்கத்துச் செங்கம் பகுதியில் மட்டும் பல்லவர் காலத்து வட்டெழுத்தோடு கிடைத்த கற்கள் ஏராளம். அவற்றைத் தொகுத்து 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலையே 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டது.

நான் பார்க்க வந்தது கல்லை அல்ல, அதைச் சுற்றி நின்ற மரங்களை. அரை ஏக்கர் தேறுமா என்பதே சந்தேகம். ஆனால் வேம்பு, வெப்பாலை, எட்டி, பெயர் தெரியாத கொடிகள் என்று உள்ளே வெயில் விழாத அடர்த்தி. வேலி கிடையாது. காவல் கிடையாது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன், சுள்ளியாவது பொறுக்குவீர்களா என்று.

"பொங்க வைக்கிற அன்னிக்கு, இங்கயே அடுப்புக்கு. வீட்டுக்குக் கொண்டுபோவ மாட்டோம். வேட்டைக்காரன் ராத்திரி குதிரையில வருவான், வீட்டு வாசல்ல நிப்பான்."

அவருடைய ஆடுகள் அந்தத் தோப்பின் ஓரத்தோடு நின்றுவிட்டன. காடு வளர்ப்பவர்கள் ஆட்டுக்காரர்களைத் திட்டுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். மேயப் புறம்போக்கு இல்லாமல் எல்லாம் மனைப்பிரிவாகிவிட்ட ஊரில், மலையடிவாரத்தை விட்டால் அவர் எங்கே போவார் என்று யாரும் சொல்வதில்லை. அவரோ எந்த இடத்தில் மேய்க்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறார். மேஸ்திரி அவரை "மாமா" என்று கூப்பிட்டு, கோட்டுக்கு மேலே மட்டும் வேண்டாம் என்று வழக்கம்போல் சொல்லிவைத்தார். அவரும் வழக்கம்போல் தலையாட்டினார். நாற்றங்காலுக்குத் தாய்மர விதை தேடும்போது இந்தமாதிரித் தோப்புகளுக்கும் வருவதுண்டாம், வேடியப்பனிடம் கேட்டுக்கொண்டு.

பெரிய சாமி மலையையே தன் உடம்பாக வைத்திருந்தும் காப்பாற்ற முடியாத மரங்களை, குதிரை ஏறும் சின்னச் சாமி அரை ஏக்கரில் காப்பாற்றியிருக்கிறார். காரணம் எளிது. பெரிய சாமியைப் பார்க்க ஊர் உலகமே வருகிறது. வேடியப்பன் நாலு வீட்டுக்குச் சொந்தம், அந்த நாலு வீட்டுக்கும் அவர்மேல் பயம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை அகலப்படுத்த வரிசையாக நின்ற மரங்களில் கைவைத்தபோது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டியிருந்தது. இந்தத் தோப்புக்கு அப்படி ஒரு தீர்ப்பாயம் தேவைப்பட்டதில்லை.

திரும்பும் வழியில் கிழக்குச் சரிவையும் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழையில் 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுத் தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. மரம் இருந்திருந்தால் சரிந்திருக்காது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்படிப்பட்ட மழைக்கு எந்தச் சரிவும் பதில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் வீடுகள் மலையின் எந்த உயரம்வரை ஏறியிருக்கின்றன என்பதைச் சாலையிலிருந்தே யாரும் பார்க்கலாம். மேஸ்திரி அங்கே எதுவும் பேசவில்லை. அவருக்குத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள்.

மலைக்குப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. கற்பூரம் கோயிலுக்குள் ஏற்றுங்கள், கிரிவலப் பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்களின் சன்னதியிலும் ஏற்றுங்கள். சரிவில், பாறைமேல், குகை வாசலில் வேண்டாம். பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம். தையிலிருந்து ஆனிவரை மலையில் எங்கே புகை கண்டாலும் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டாதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101இல் சொல்லுங்கள், அல்லது அருகில் இருக்கும் வனத்துறை ஆளிடம் சொல்லுங்கள். உச்சியில் எரிய வேண்டிய தீயை ஏற்றுவதற்குப் பர்வத ராஜ குலத்தார் இருக்கிறார்கள். வேறு யாரும் ஏற்ற வேண்டியதில்லை.